முகத்துவாரத்தின் மூன்றாவது அலை: ஒரு படகுப் போட்டி விபத்தின் நிகழ்வு ஆய்வு

காணும் பொங்கலன்று காலை பத்தரை மணி. நாகப்பட்டினத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் இடையே ஓர் ஆற்றின் வாயில், ஆளில்லாத ஃபைபர் படகு ஒன்று முழு வேகத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்தது. வட்டத்துக்குள் இரண்டு தலைகள். ஒன்று என் சித்தி மகனுடையது, மற்றது அவன் கூட்டாளியுடையது. படகு ஒவ்வொரு சுற்றுக்கும் சற்று இடம் மாறி வந்ததால், அடுத்த சுற்று யார் தலைமேல் விழும் என்று கரையில் நின்ற எங்களால் கணிக்க முடியவில்லை. பெண்கள் வாயில் அடித்துக்கொண்டு அழுதார்கள். இளைஞர்கள் சிலர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்காக அன்று அவர்களைத் திட்டினேன். பிறகு இதை எழுத அந்தப் படங்களைத்தான் கேட்டு வாங்கினேன்.

எல்லைப் படகாக நிறுத்தியிருந்த பத்து குதிரைத்திறன் டீசல் படகில் ஒரு பெரியவர் இருந்தார். எங்கள் எல்லோருக்கும் பெரியப்பா முறை. அவர் கத்தவில்லை. காலடியில் கிடந்த பழைய நைலான் வலையை அள்ளிக்கொண்டு, ஓடும் படகின் தடத்துக்குப் பக்கத்தில் தன் படகைக் கொண்டுபோய் வீசினார். முதல் வீச்சு தவறியது. இரண்டாவது வீச்சில், ஓடும் படகின் எஞ்சின் விசிறி அந்த வலையைப் பிடித்துச் சுருட்டிக்கொண்டது. எஞ்சின் இரண்டு முறை இருமி நின்றது.

உயிர்ச்சேதம் இல்லை. கூட்டாளிக்குக் காறை எலும்பு முறிந்தது. தம்பிக்குக் கெண்டைக்காலில் ஏழு தையல். படகின் பின்பலகையில் விரிசல். அடிப்பகுதியில் இரண்டடி நீளத்துக்கு ஃபைபர் படலம் பிரிந்துபோயிருந்தது.

அந்தப் படகு என் பட்டறையில் வார்த்தது. அதனால் இது வேறு யாரையோ குறை சொல்லும் ஆய்வு அல்ல. இன்னொரு குற்றமும் என்மேல் உண்டு. வெளிக்கடல் அதிவேகப் படகுப் பந்தயங்களின் காணொளிகளை இரவு ஒரு மணி வரை உட்கார்ந்து பார்ப்பவன் நான். அந்தப் பித்து தம்பிக்கு ஒட்டியது என்னிடமிருந்துதான்.

போட்டிக்கு முன்

ஐந்து படகுகள். ஆற்றுக்குள் இருக்கும் இறங்குதுறையில் தொடங்கி, முகத்துவாரத்தைத் தாண்டி, கடலில் கொடி கட்டி மிதக்கவிட்ட பீப்பாயைச் சுற்றித் திரும்ப வேண்டும். முதல் பரிசு ஓர் ஆட்டுக்கிடா. மற்ற நான்கு படகுகளும் மீன்பிடிக்கப் போகும் அதே எஞ்சினோடு வந்தன. தம்பி மட்டும் 24 அடி படகின் பின்பலகையில் 40 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சினை எங்கிருந்தோ இரவல் வாங்கி மாட்டியிருந்தான்.

போட்டிக்கு நான்கு நாள் முன்னால் அதைப் பரீட்சித்துப் பார்க்க என்னையும் கூட்டிப்போனான். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டியவன், முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தேன். ஆற்றில் நீர் கண்ணாடிபோல் கிடந்தது. கைப்பிடியை முறுக்கியதும் படகின் முன்முனையான அணியம் வானத்தைப் பார்த்து எழுந்தது. முன்னால் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. சில விநாடிகள் படகு மூச்சுத்திணறுவதுபோல் உழன்றது. பிறகு சட்டென்று அணியம் தாழ்ந்தது, இரைச்சலின் சுருதி மாறியது, படகு தண்ணீருக்குள் ஓடுவதை விட்டுவிட்டு அதன் மேலே வழுக்கத் தொடங்கியது. அந்தக் கணத்துக்குப் பிறகு அடியில் இருப்பது தண்ணீராகவே தோன்றாது. சரளை கொட்டிய சாலையில் மாட்டுவண்டிச் சக்கரம் தடதடப்பது போன்ற ஒலி உள்ளங்கால் வழியே பல்வரை ஏறும். கண்ணில் நீர் வழியும். கரையோரத்து அலையாத்திச் செடிகள் பச்சைக் கோடாகும். நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று தம்பி பிறகு சொன்னான். எனக்கு நினைவில்லை.

இந்த ஒரு கணத்துக்காகத்தான் பணமும் உயிரும் செலவழித்து மனிதர்கள் 120 ஆண்டுகளாகக் கடலில் பந்தயம் விடுகிறார்கள். 1903இல் அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தில் ஹார்ம்ஸ்வொர்த் கோப்பைக்கான முதல் போட்டி நடந்தது. வென்ற ‘நேப்பியர்’ படகின் சுக்கானில் டோரதி லெவிட் என்ற பெண் இருந்தார். கோப்பையில் பொறித்ததோ படகின் சொந்தக்காரர் செல்வின் எட்ஜின் பெயர். வேகம் மணிக்குச் சுமார் 31 கிலோமீட்டர். எங்கள் ஊர் ஆட்டுக்கிடா போட்டியில் தம்பி அதைத் தாண்டிவிட்டான் என்பதைப் பெருமையாகச் சொல்ல வேண்டுமா, வெட்கத்தோடு சொல்ல வேண்டுமா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.

ஆனால் துறைமுகத்துக்குள் ஓடுவது வேறு, வெளிக்கடலில் ஓடுவது வேறு. வெளிக்கடல் பந்தயம் இன்று நாம் அறியும் வடிவத்துக்கு வந்தது 1956இல், அமெரிக்காவின் மயாமியிலிருந்து பகாமாஸ் தீவுகளின் நசாவுக்கு ஓடிய போட்டியில்தான். அந்தப் பாதையில் வளைகுடா நீரோட்டம் வடக்கு நோக்கி ஆறுபோல் ஓடுகிறது. வடக்கிலிருந்து காற்று அடித்தால் நீரோட்டமும் காற்றும் எதிரெதிராக முட்டி, அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். 1961இல் மாக்ஸ் எய்ட்கன் இங்கிலாந்தில் தொடங்கிய கௌஸ்–டார்க்கி பந்தயத்திலும் போர்ட்லாந்து முனை என்று அப்படி ஓர் இடம் உண்டு.

எங்கள் முகத்துவாரமும் அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. இதை நான் விபத்துக்குப் பிறகுதான் விளங்கிக்கொண்டேன்.

ஆறு இறங்கிய நேரம்

கடைமடைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மார்கழிக் கடைசியில் மழை கொட்டியது. கதிர் முற்றிய சம்பா சாய்ந்துவிடும் என்று வயலில் நின்ற தண்ணீரையெல்லாம் வடிகாலில் திறந்துவிட்டார்கள். அந்த வாரம் காவிரியின் கிளைகள் எல்லாம் பழுப்பு நிறத்தில் கடலை நோக்கி ஓடின. எங்கள் கரையில் கடல் ஏற்றவற்றம் பெரிதல்ல, ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனாலும் வற்றம் இறங்கும் நேரமும் வடிகால் நீரும் சேர்ந்துவிட்டால் குறுகிய ஆற்றுவாயில் இழுவை கடுமையாகிவிடும். வெளியே இரண்டு நாளாக வாடை விடாமல் வீசி அலையை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. வெளியேறும் நீர் உள்ளே வரும் அலையின் காலை வாரும். அலை நீளம் குறைந்து நெட்டுக்குத்தாக நிமிரும். போதாததற்கு வாயில் மணல் திட்டு வேறு.

போட்டி தொடங்கியது சரியாக வற்றத்தின் நடுவில். நேரம் குறித்தவர்கள் பொங்கல் சாப்பாட்டைக் கணக்கில் வைத்தார்கள், ஆற்றைக் கணக்கில் வைக்கவில்லை.

பெரியப்பாவுக்கு இது தெரிந்திருந்தது. “ஆறு இறங்குகிறது, வாய் கெட்டிருக்கும், பன்னிரண்டு மணிக்கு மேல் விடுங்கள்” என்று காலையிலேயே சொல்லியிருக்கிறார். ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை என்கிறார்கள். கேட்டிருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டோம்.

ஒன்பது விநாடிப் படம்

கைப்பேசிப் படங்களில் ஒன்பது விநாடி ஓடும் ஒன்று நல்ல கோணத்தில் இருந்தது. அதை ஒவ்வொரு சட்டகமாக நிறுத்திப் பார்த்தேன். ஒரு விநாடிக்கு முப்பது சட்டகங்கள். வாயைத் தாண்டும்போது தம்பியின் படகு மற்றவர்களைவிட நான்கு படகு நீளம் முன்னால். கைப்பிடி முழுதும் முறுக்கிய நிலை. முதல் அலையில் அணியம் மட்டும் எழுகிறது. இரண்டாவதில் பாதிப் படகு வெளியே வருகிறது. இரண்டுக்கும் நடுவே வேகத்தைக் குறைத்ததற்கான அடையாளமே இல்லை. எஞ்சின் ஒலி ஒரே சுருதி.

மூன்றாவது அலையில் படகு முழுவதுமாக நீரை விட்டுவிட்டது. பதினைந்து சட்டகங்கள், அதாவது அரை விநாடி. மணிக்கு 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அந்த அரை விநாடியில் பதினெட்டு அடி தூரம் படகு பறந்திருக்கிறது. உயரம் என்னவோ ஓரடிக்குச் சற்று அதிகம்தான். “ஓரடிதானே” என்று தோன்றும். ஆனால் விசிறி காற்றில் சுழன்றதால் எஞ்சின் வீறிட்டது. படத்தில் அந்த ஒலி கேட்கிறது. கோயில் திருவிழாவில் மைக் கூவுவதுபோல. பிறகு படகு இடப்பக்கம் சாய்ந்து, தட்டையாக, அடுத்த அலையின் முதுகில் அணியம் குத்த விழுந்தது.

இந்தக் குத்துக்குத்தான் பந்தயக்காரர்கள் பயப்படுகிறார்கள். படகு ஒரு கணம் நிற்கும். ஆட்கள் நிற்க மாட்டார்கள்.

படகின் வயிறு

பின்பலகை ஏன் வெடித்தது என்பதற்கு ஒரு தோராயக் கணக்குப் போட்டேன். ஓரடி உயரத்திலிருந்து விழுந்த தட்டையான அடிப்பகுதி மூன்று சென்டிமீட்டருக்குள் நின்றது என்றால், அதன் மீது இருக்கும் ஒவ்வொன்றும் தன் எடையைப் போல் பத்து மடங்கு கனக்கும். 75 கிலோ எஞ்சின் அந்தக் கணத்தில் முக்கால் டன்னாகப் பின்பலகையில் தொங்கியிருக்கிறது. நான் அந்தப் பலகையைப் பத்துக் குதிரைத்திறனுக்கு வார்த்தவன்.

வெளிக்கடல் பந்தயத்தின் வரலாற்றை எஞ்சின்களின் வரலாறாகவே பலர் சொல்கிறார்கள். எனக்கு அது படகின் வயிற்றின் வரலாறாகத்தான் படுகிறது. 1960ஆம் ஆண்டு மயாமி–நசாவ் போட்டியை எடுத்துக்கொள்ளலாம். அன்று எட்டடி அலை, கடும் காற்று. ரே ஹண்ட் என்ற வடிவமைப்பாளர் பந்தயக்காரர் டிக் பெர்ட்ராமுக்காக வரைந்த ‘மோப்பி’ என்ற மரப்படகு எட்டு மணி நேரத்தில் நசாவ் சேர்ந்தது. இரண்டாவது படகு வர மேலும் இரண்டு மணி நேரம் ஆயிற்று. மற்றவை அன்று வந்து சேரவில்லை. மோப்பியின் எஞ்சின்களில் மந்திரம் எதுவும் இல்லை. அதன் அடிப்பகுதி அணியத்திலிருந்து பின்பலகை வரை ஏறத்தாழ 24 டிகிரி சரிவோடு ஆழமான ஆப்புபோல் இருந்தது. அதற்கு முன் வேகப்படகு என்றால் பின்பாதி தட்டையாக இருக்க வேண்டும், அப்போதுதான் நீர்மேல் வழுக்கும் என்பதே பாடம். தட்டை வயிறு விழும்போது அறையும். ஆப்பு வயிறு விழும்போது பிளந்துகொண்டு இறங்கும். தென்னை மட்டையை அகலவாக்கில் தண்ணீரில் அடித்துப் பாருங்கள், பிறகு விளிம்பால் அடித்துப் பாருங்கள், கை சொல்லிவிடும்.

அந்த மரப்படகின் வடிவிலிருந்துதான் பெர்ட்ராம் பிறகு 31 அடி ஃபைபர் படகுகளை வார்த்து விற்றார். இன்று உலகமெங்கும் கடலோரக் காவல் படகுகளிலும் சுற்றுலாப் படகுகளிலும் அதே வயிறுதான்.

அப்படியானால் நான் ஏன் தட்டையாக வார்த்தேன் என்று கேட்கலாம். எங்கள் ஊரில் துறைமுகம் இல்லை. படகு மணலில் ஏற வேண்டும், சாயாமல் உட்கார வேண்டும், பத்துப் பேர் கயிறு பிடித்து இழுத்தால் வர வேண்டும். ஆப்பு வயிறு மணலில் சாய்ந்து படுத்துவிடும். சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்து குவிந்த ஃபைபர் படகுகளுக்கும் அதற்கு முன் எங்கள் கரையில் இருந்த கட்டுமரங்களுக்கும் பொதுவான நியாயம் இது: கரை எதைக் கேட்கிறதோ அதுதான் வயிறு. அந்த வடிவத்தில் பிழை இல்லை. அதன் பின்னால் நான்கு மடங்கு எஞ்சினை மாட்டியது பிழை. மாட்டியதைப் பார்த்தும் நான் ஏறிச் சிரித்தது அதைவிடப் பெரிய பிழை.

கட்டுமரம் என்றதும் ஒரு கிளைக்கதை. வெளிக்கடல் பந்தயத்தின் உச்ச வகுப்பில் ஓடும் இரட்டை உடல் படகுகளை உலகம் முழுவதும் ‘கேட்டமரான்’ என்றுதான் சொல்கிறார்கள். நம் கரையின் சொல். ஆனால் நம் கட்டுமரத்துக்கு இரட்டை உடல் கிடையாது. மரங்களை நெருக்கிச் சேர்த்துக் கட்டியது. பெயர் நம்மிடமிருந்து போனது, வடிவம் வேறெங்கிருந்தோ வந்து அதில் ஒட்டிக்கொண்டது. பந்தயக் கேட்டமரானின் இரு உடல்களுக்கு நடுவே காற்று புகுந்து படகைத் தூக்குகிறது. மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது அது பாதி விமானம். அணியத்தின் கீழ் காற்று கூடுதலாகப் புகுந்துவிட்டால் அப்படியே மல்லாக்கப் புரட்டிவிடும். லம்போர்கினியின் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின்கள்கூட இந்தப் படகுகளில் ஓடியிருக்கின்றன. அவற்றின் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு வேறு நாதஸ்வரம் தேவையில்லை என்று தம்பி சொல்வான். எங்கள் வீட்டில் அதற்காக அவன் வாங்கிய திட்டு தனி.

எஞ்சினைப் பிடித்த கை

அந்த உச்ச வகுப்புப் படகில் இருவர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் சுக்கானைப் பிடிப்பார். மற்றவர் சுக்கானையே தொட மாட்டார். அவருக்கு வேலை எஞ்சின் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மட்டும். படகு அலையை விட்டு எழும் கணத்தில் விசையைத் தளர்த்த வேண்டும், இல்லையேல் காற்றில் சுழலும் விசிறி எஞ்சினையே உடைத்துவிடும். விழுந்து விசிறி நீரைக் கடிக்கும் கணத்தில் மறுபடி கொடுக்க வேண்டும், இல்லையேல் அணியம் குத்தும். ஓர் அலைக்கு இரண்டு முடிவு. இப்படி ஒரு மணி நேரம். காணொளிகளில் சுக்கான் பிடிப்பவரைவிட இந்த இரண்டாவது ஆளின் கையைத்தான் நான் பார்ப்பேன். மிருதங்கத்தில் இடக்கை போல அது அடங்கி வேலை செய்யும்.

தம்பியின் படகில் சுக்கானும் விசையும் ஒரே கைப்பிடியில். திருப்பினால் திசை, முறுக்கினால் வேகம். அலையில் எழும்பும்போது உடம்பு பின்னால் சாய்கிறது. விழாமலிருக்கக் கை இறுகுகிறது. கை இறுகினால் விசை தளராது. குறைக்க வேண்டிய கணத்தில் கை தானாகவே குறைக்க மறுக்கிறது. முன்னால் உட்கார்ந்திருந்த கூட்டாளிக்குப் படகின் பாரத்தைச் சமன் செய்வதைத் தவிர வேறு வேலை கொடுக்கப்படவில்லை. அலை உடையும் இடத்தைத் தாண்டிப் போகும்போது எங்கள் ஆட்கள் வழக்கமாக என்ன செய்வார்கள்? முன்னால் இருப்பவர் அலையை எண்ணிச் சொல்வார், பின்னால் இருப்பவர் அதற்கேற்ப எஞ்சினை அடக்குவார். ஒவ்வொரு விடியற்காலையும் செய்கிற வேலை. போட்டி என்று வந்ததும் இருவரும் அதை மறந்து போனார்கள்.

மாட்டாத கயிறு

மருத்துவமனையில் தம்பியிடம் கேட்டேன்.

“எஞ்சினை அணைக்கும் சிவப்புக் கயிற்றை எங்கே மாட்டியிருந்தாய்?”

“மாட்டவில்லை அண்ணா. திரும்பும்போது கையில் சிக்கும் என்று எஞ்சினிலேயே சுற்றிவைத்துவிட்டேன்.”

ஓட்டுபவரின் மணிக்கட்டிலோ உயிர்காப்பு உடையிலோ மாட்டும் சுருள் கயிறு அது. ஆள் தூக்கி எறியப்பட்டால் கயிறு இழுபட்டு எஞ்சின் நின்றுவிடும். மாட்டாவிட்டால், யாரும் பிடிக்காத கைப்பிடியை விசிறியின் சுழற்சி ஒரு பக்கம் தள்ளிவிட, படகு வட்டமடிக்கத் தொடங்கும். விழுந்தவனை நோக்கியே திரும்பத் திரும்ப வரும். உயிர்காப்பு உடையும் இருவரும் போடவில்லை. அதுவும் படகில்தான் இருந்தது, உட்காருவதற்கு மெத்தையாக.

பெரிய பந்தயங்களிலும் பாதுகாப்பு இப்படி அடி வாங்கித்தான் வந்தது. ஃபெராரி அணிக்கு ஃபார்முலா ஒன் கார் ஓட்டிய திதியே பிரோனி, 1982இல் கால்கள் நொறுங்கிக் காரை விட்டவர், பிறகு படகுக்கு வந்தார். 1987 ஆகஸ்ட் 23 அன்று இங்கிலாந்தின் வைட் தீவருகே ஒரு டாங்கர் கப்பல் எழுப்பிய அலையில் அவர் படகு ஏறியது. படகில் இருந்த மூவரும் இறந்தார்கள். கடலின் அலை அல்ல, கப்பலின் அலை. 1990 அக்டோபர் 3 அன்று மொனாக்கோ அருகே, முந்தைய ஆண்டின் உலகச் சாம்பியன் ஸ்டெஃபானோ காசிராகி இறந்தார்; உடனிருந்தவர் தூக்கி எறியப்பட்டு உயிர் தப்பினார். அதன் பிறகு விதிகள் இறுகின. போர் விமானத்தில் இருப்பது போன்ற கெட்டிக் கண்ணாடி மூடி, உடலைக் கட்டும் பட்டை, உள்ளே சுவாசிக்கக் காற்று, கவிழ்ந்தால் வெளியேற அடியில் ஒரு கதவு என்று இன்றைய படகு ஒரு பெட்டகமாகிவிட்டது.

திறந்த படகில் வெளியே விழுவது நல்லதா, கட்டிப்போட்டு உள்ளேயே இருப்பது நல்லதா என்ற கேள்விக்கு வேகம்தான் பதில் சொல்கிறது. 200 கிலோமீட்டர் வேகத்தில் தண்ணீர் சிமெண்ட் தரை. 40 கிலோமீட்டரில் விழுந்தால் பிழைக்கலாம், படகு நின்றுவிட்டால். எங்களுக்குத் தேவைப்பட்டது கண்ணாடி மூடி அல்ல. சில நூறு ரூபாய்க் கயிறு.

பிறகு செய்தவை

படகைப் பட்டறைக்குக் கொண்டுவந்து கவிழ்த்துப் போட்டேன். பிரிந்த படலத்தை உளியால் பெயர்த்தபோது உள்ளே ரெசின் பசை ஊறாத வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. மழைக்கால ஈரத்தில் அவசரமாக வார்த்ததன் அடையாளம். பத்து குதிரைத்திறனில் அது இன்னும் பதினைந்து வருடம் வெளியே தெரியாமலே இருந்திருக்கும். அதே மாதத்தில் வார்த்த வேறு மூன்று படகுகளின் சொந்தக்காரர்களுக்கு ஆள் அனுப்பி, அடியைத் தட்டிப் பார்த்து, ஒன்றுக்குச் செலவில்லாமல் புதுப் படலம் போட்டுக் கொடுத்தேன்.

வயிற்றை ஆப்பாக மாற்றும்படி தம்பி கேட்டான். மறுத்துவிட்டேன். நாளைக்கு அதை மணலில் ஏற்றப் போவது அவன் அல்ல, அவன் அப்பா.

ஊர்ப் பஞ்சாயத்தில் மூன்று மணி நேரம் பேச்சு நடந்தது. போட்டியே வேண்டாம் என்று ஒரு பக்கம். விபத்து நடந்ததும் எதையாவது தடை செய்துவிட்டால் நிம்மதி என்று நினைப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இளைஞர்கள் தரப்பில், மும்பை மெரைன் டிரைவில் 2017இல் கடல் பந்தயம் விட்டார்கள், அமராவதியில் 2018இல் கிருஷ்ணா ஆற்றிலேயே உலகப் போட்டி நடத்தினார்கள், நம் ஆற்றில் மட்டும் என்ன என்று கேட்டார்கள். அமராவதியில் ஓடியது வெளிக்கடல் படகு அல்ல, அலையில்லாத நீரில் சுற்றும் வேறு வகை என்று விளக்கப்போய், இரு தரப்பிடமும் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டேன்.

கடைசியில் முடிவானது இது. போட்டி நடக்கும். மழைத் தண்ணீர் வடியும் நாட்களில் முகத்துவாரத்துக்கு வெளியே போகக் கூடாது. நேரத்தைக் குறிப்பது பெரியப்பா. எஞ்சின் படகுக்கு வழக்கமானதாகத்தான் இருக்க வேண்டும். கயிறு மாட்டாதவன் தொடக்கக் கோட்டிலிருந்தே திருப்பி அனுப்பப்படுவான். முன்னால் இருப்பவன் அலையைச் சொல்ல வேண்டும்; சொல்லாத படகுக்குப் பரிசு இல்லை. இந்தக் கடைசி விதியை எப்படிச் சோதிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனாலும் எழுதிக்கொண்டார்கள்.

வேகம் இல்லாத போட்டி குளத்தில் ஓடம் விடுவதுபோல் இருக்கும் என்று தம்பி இன்னும் புலம்புகிறான். அவன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது என்பதை அவனிடம் ஒப்புக்கொள்ளவில்லை. தையல் பிரித்த அன்று மாலையே பட்டறைக்கு வந்து, கவிழ்த்துப் போட்டிருந்த படகின் அடியில் கையை வைத்து, இந்த இடத்தில் ஒரு நீளப் பட்டை ஒட்டினால் நீர் பிரிந்து போகுமே என்று கேட்டான். ரே ஹண்டும் தன் ஆப்பு வயிற்றின் நீளவாக்கில் அப்படித்தான் பட்டைகள் ஒட்டியிருந்தார். சொன்னால் இரவெல்லாம் தூங்க மாட்டான் என்று வாயை மூடிக்கொண்டேன்.

பெரியப்பா நேற்று வந்தார். விசிறியில் சுற்றிய வலையை நான் கத்தியால் அறுத்தெடுத்து மூலையில் போட்டிருந்தேன். அதைக் காலால் புரட்டிப் பார்த்தார்.

“பழைய வலைதான். ஆனாலும் அரைப்பாகம் நன்றாக இருந்தது” என்றார்.

எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். தம்பியிடம் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.